தோல்விக்கு யார் பொறுப்பு? ஒரு காற்பந்துக் குழுவோடு இருந்து கற்றவை

சிங்கப்பூரில் வார இறுதி லீக் ஒன்றில் ஆடும் இளையர் காற்பந்துக் குழுவுக்கு நான் பல ஆண்டுகளாக மேலாளராக இருந்து வருகிறேன். பயிற்சி தருவது என் வேலை அன்று. திடலுக்குப் பதிவு செய்வது, ஆட்டக்காரர் பட்டியலை நடுவரிடம் ஒப்படைப்பது, தண்ணீரும் பனிக்கட்டியும் வாங்கி வைப்பது, பெற்றோரிடம் பேசுவது, பயிற்சியாளருக்கும் பையன்களுக்கும் இடையே தூது போவது ஆகியவை என் பொறுப்புகள். இப்படி நடுவில் நிற்பவனிடம்தான் தோல்விக்குப் பிறகு எல்லாரும் வந்து பேசுவார்கள். "கோச் போட்ட பிளானே சரியில்லை அண்ணே" என்று பையன்கள் சொல்வார்கள். சொன்னதில் பாதியைக்கூட அவர்கள் செய்யவில்லை என்று பயிற்சியாளர் சொல்வார். தேக்கா காப்பிக்கடைகளில் தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு, தேசிய அணி தோற்றாலும் மான்செஸ்டர் யுனைடெட் தோற்றாலும் பெரியவர்கள் இதே வழக்கை இதே சொற்களில் வாதாடுவதையும் கேட்டிருக்கிறேன்.

இந்த வாதத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தோல்வியை மொத்தமாக எடுத்து, அது பயிற்சியாளரின் குற்றமா ஆட்டக்காரரின் குற்றமா என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. விட்டுக்கொடுத்த ஒவ்வொரு கோலையும் தவறவிட்ட ஒவ்வொரு வாய்ப்பையும் தனித்தனியாக எடுத்து, இது இதற்கு முன்பும் நடந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒருமுறை நடந்த பிழை ஆட்டக்காரருடையது. ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை பயிற்சியாளருடையது. பயிற்சியாளர்கள் மாறிய பிறகும் நடந்துகொண்டே இருக்கும் பிழை, அவர்களை நியமிப்பவர்களுடையதும் அவர்களுக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டினுடையதும் ஆகும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் எங்கள் குழுவில் கோபத்தோடு தொடங்கும் பேச்சைப் பயிற்சித் திடலில் செய்ய வேண்டிய வேலையாக மாற்றியது இந்தப் பாகுபாடுதான்.

இதை நான் முதன்முதலில் தெளிவாக எண்ணிப் பார்த்தது, 2021 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு காலாங் தேசிய விளையாட்டரங்கில் சிங்கப்பூரும் இந்தோனீசியாவும் ஆடிய சுசுகி கிண்ண (ஆசியான் வெற்றியாளர் போட்டி) அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்துக்குப் பிறகு. முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தது. இரண்டாம் ஆட்டத்தின் வழக்கமான நேரத்திலேயே சிங்கப்பூர் ஆட்டக்காரர்கள் இருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினர். ஒன்பது பேரோடு ஆடிய நிலையில் ஷாடான் சுலைமான் ஃப்ரீ கிக் மூலம் அடித்த கோல் சிங்கப்பூரை 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுசென்றது. இறுதி நிமிடங்களில் இந்தோனீசியா சமன் செய்தது. அதன்பின் சிங்கப்பூருக்குக் கிடைத்த பெனால்டியை இந்தோனீசியக் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். கூடுதல் நேரத்தில் இரண்டு கோல்கள் விழுந்தன, கோல்காப்பாளர் ஹசான் சன்னியும் வெளியேற்றப்பட்டார், தாக்குதல் ஆட்டக்காரரான இக்சான் ஃபாண்டி கையுறை அணிந்து கோல் முன்னே நின்றார். எட்டுப் பேரோடு முடிந்த அந்த ஆட்டத்தில் சிங்கப்பூர் 2-4 என்று தோற்றது.

மறுநாள் முழுவதும் என் நண்பர்களிடையே ஒரே விவாதம். சிவப்பு அட்டை வாங்கியவர்கள் நாட்டையே கைவிட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். ஒன்பது பேர் இருக்கும்போது முன்னிலையைக் காக்கத் தெரியாத பயிற்சியாளர் என்ன பயிற்சியாளர் என்றார் மற்றொருவர். பெனால்டி அடித்தவரைப் பற்றிப் பேசப்பட்டவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை. நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. பெனால்டி தடுக்கப்பட்டது அந்த ஒரு நொடியில் இரண்டு மனிதர்களுக்கிடையே நடந்தது. அதை எந்தப் பயிற்சியாளரும் திடலோரத்திலிருந்து மாற்றியிருக்க முடியாது. அது ஆட்டக்காரருடையது என்று சொல்வதற்கு அவரைப் பழிக்க வேண்டும் என்பது பொருளன்று. ஒன்பது பேர் குலையாமல் நின்று, பின்தங்காமல், முன்னிலையும் பெற்றார்கள் என்றால் அந்த ஒழுங்கு அன்று இரவு வானத்திலிருந்து விழுந்ததில்லை. அது ஜப்பானியப் பயிற்சியாளர் தட்சுமா யோஷிடாவின் பயிற்சியில் பல மாதங்களாக வளர்ந்தது. அதை வளர்த்துக் கொடுத்தவருக்கும், கால்கள் இழுத்துக்கொண்ட நிலையிலும் அதைச் செய்துகாட்டியவர்களுக்கும் அதில் சம பங்கு உண்டு. சிவப்பு அட்டைகளைப் பற்றித்தான் உண்மையான வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒருவர் நிதானம் இழப்பது அவருடைய பிழை; ஒரே ஆட்டத்தில் மூவர் வெளியேறும்போது, நெருக்கடியில் நடுவரையும் எதிரணியையும் எப்படிக் கையாள்வது என்று அந்தக் குழு போதிய அளவு பழகியிருந்ததா என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்விக்கு ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. முந்தைய ஆட்டங்களையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. யோஷிடா அந்தப் போட்டிக்குப் பிறகு குடும்பக் காரணங்களுக்காகப் பொறுப்பிலிருந்து விலகினார்.

முந்தைய ஆட்டங்களை எடுத்து வைத்துப் பார்ப்பது என்பதைத்தான் நாங்கள் எங்கள் குழுவில் வழக்கமாக்கிக்கொண்டோம். அதற்கு வேண்டியது ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் மட்டுமே. நாங்கள் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். கோல் விழுந்த நிமிடத்தை எழுதிவிட்டு, அதிலிருந்து மூன்று செயல்கள் பின்னோக்கிப் போகிறோம். பந்து வலைக்குள் போவதற்கு முன் கடைசியாகத் தொட்ட எதிரணி ஆட்டக்காரர் ஏன் தனியாக நின்றார், அவருக்குப் பந்தைக் கொடுத்தவரை ஏன் யாரும் நெருக்கவில்லை, அதற்கும் முன் பந்து எங்கே, எப்படி நம் கையைவிட்டுப் போனது என்று மூன்று வரிகள். நான்காவது வரியில், இந்த நிலைமையைப் பற்றிப் பயிற்சியின்போது பேசியிருக்கிறோமா இல்லையா என்பதைப் பயிற்சியாளரே எழுதுவார். ஆட்டக்காரர் பெயர்கள் அந்தப் பக்கத்தில் வராது; வலது தற்காப்பு, நடுத் திடல் என்று இடங்களின் பெயர்கள் மட்டுமே வரும். கைப்பேசியில் எடுத்த காணொளி இருந்தால் வேலை எளிது. எங்களிடம் பெரும்பாலும் ஏதாவது ஒரு பெற்றோர் எடுத்த நடுங்கும் காணொளிதான் இருக்கும், அதுவே போதும்.

இந்த வழக்கம் என்ன செய்தது என்பதற்கு ஒரு பருவத்தின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் நடுத் தற்காப்பில் ஆடிய ஒரு பையனைப் பெற்றோர்கள் எல்லாரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோல் விழும் ஒவ்வொரு முறையும் எதிரணித் தாக்குதல் ஆட்டக்காரருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவன் அவன்தான். "அவன் ரொம்ப ஸ்லோ, மாத்திடுங்க" என்று ஓர் அப்பா திடலோரத்திலேயே, அந்தப் பையன் காதில் விழும்படி சொன்னார். பையனும் அதை நம்பிவிட்டான். பந்து தன் பக்கம் வந்தாலே பதற்றத்தில் வெளியே உதைக்கத் தொடங்கினான். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. அவன் துரத்திக்கொண்டிருந்த கோல்களில் பெரும்பாலானவை, எங்கள் வலது தற்காப்பு ஆட்டக்காரர் தாக்குதலுக்காக முன்னே ஏறியிருந்த நேரத்தில், நடுத் திடலில் பந்து பறிபோனதிலிருந்து தொடங்கியிருந்தன. வலது பக்கம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலியிடத்துக்கு ஓட வேண்டியவன் நடுத் தற்காப்பு ஆட்டக்காரன் ஆனான். அவன் அங்கே ஓடியதும் நடு காலியானது.

வலது தற்காப்பு ஆட்டக்காரரை முன்னே ஏறச் சொன்னது பயிற்சியாளர்தான், அது தவறான திட்டமும் அன்று. அவர் ஏறும்போது நடுத் திடலிலிருந்து யார் பின்வாங்கி அந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை என்பதே குறை. நான்காவது வரியில் பயிற்சியாளர் தம் கையாலேயே "பேசவில்லை" என்று எழுத வேண்டியிருந்தது. அவர் அதை எழுதிய விதத்தை நான் இன்றும் மதிக்கிறேன். அடுத்த பயிற்சிகளில் அவர் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அரைத் திடலில், பந்தைப் பறிகொடுப்பதிலிருந்தே தொடங்கும்படி ஆட்டங்களை அமைத்தார். அந்த வகைக் கோல்கள் அடியோடு நிற்கவில்லை என்றாலும் குறைந்தன. மெதுவானவன் என்று பெயர் எடுத்த பையன், ஓட வேண்டிய தூரம் குறைந்ததும், அவ்வளவு மெதுவானவன் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. பார்வையாளர் கண்ணில் படுவது பந்தைக் கடைசியாகத் துரத்தியவர் மட்டுமே. பழி அவர் மேல் விழுவதற்குக் காரணம் அதுதான்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக் ஆட்டங்கள் நம் நேரப்படி சனிக்கிழமை இரவு தொடங்கி நள்ளிரவைத் தாண்டிப் போகின்றன. எங்கள் ஆட்டம் ஞாயிறு காலையில். நள்ளிரவுக்கு மேல் விழித்திருந்துவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு மைலோ பாக்கெட்டோடு எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கும் பையனுக்குப் பிற்பாதியில் கால் ஓடாது. சிங்கப்பூரின் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் அது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். இது திரும்பத் திரும்ப நடக்கும் பிழை, ஆனாலும் ஆட்டக்காரருடையதுதான். பயிற்சியாளர் யாருடைய படுக்கையறையிலும் போய் விளக்கை அணைக்க முடியாது. இதை நான் சொன்ன விதிக்கு முதல் விதிவிலக்காகக் கொள்ளலாம். ஆனால் அந்தப் பையன் திறமைசாலி என்பதற்காகவே ஒவ்வொரு வாரமும் தொடக்க வரிசையில் அவனைப் பயிற்சியாளர் நிறுத்திக்கொண்டே இருந்தால், பொறுப்பு மெல்ல அவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. எங்கள் பயிற்சியாளர் ஒரு விதி வைத்தார்: ஆட்டத்துக்கு முன் உடற்சூடேற்றும் நேரத்துக்கு வராதவர் யாராக இருந்தாலும் முற்பாதியில் வெளியே அமர வேண்டும். அந்த விதியால் நாங்கள் ஓர் ஆட்டத்தைத் தோற்றோம் என்றுகூடச் சொல்லலாம். பெற்றோர் சிலர் கோபப்பட்டார்கள். அந்தத் தோல்விக்கு அவர் பொறுப்பேற்றதைச் சரியான செயல் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது விதிவிலக்கு, யாருக்கும் பொறுப்பில்லாதவை. பயிற்சி நாளில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திடலைவிட்டு வெளியேற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படி எத்தனையோ மாலைகள் கூடாரத்தின் கீழ் கழிந்திருக்கின்றன. தேர்வுக் காலத்தில் பாதிக் குழு துணைப்பாட வகுப்பில் இருக்கும். இவற்றையும் நோட்டில் எழுதிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் இவற்றின் பழியும் யாராவது ஒரு மனிதர் தலையில் போய் உட்கார்ந்துவிடும்.

உலகக் காற்பந்தில் இந்தக் கேள்விக்கு இத்தாலியின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2017 நவம்பரில் சுவீடனுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இத்தாலிக்குக் கட்டாயம் ஒரு கோல் தேவைப்பட்டது. மிலான் சான் சீரோ அரங்கில் பயிற்சியாளர் குழு தற்காப்புக்கு உதவும் நடுத் திடல் ஆட்டக்காரரான டி ரோஸியை உடற்சூடேற்றச் சொன்னது. அவர் தாக்குதல் ஆட்டக்காரரான இன்சீனியேவைச் சுட்டிக்காட்டி, நமக்கு வெற்றி வேண்டும், சமநிலை போதாது என்று வாதாடியது தொலைக்காட்சியில் உலகமே பார்த்த காட்சி. இன்சீனியே களம் இறங்கவில்லை, ஆட்டம் 0-0 என்று முடிந்தது, 1958-க்குப் பிறகு முதன்முறையாக இத்தாலி உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டது. அங்கே குறை பயிற்சியாளர் பக்கம் என்று சொல்லலாம். கோல் தேவை என்பதை ஓர் ஆட்டக்காரர் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. அடுத்து வந்த மன்சீனியின் கீழ் இத்தாலி 2021 ஜூலையில் வெம்பிளியில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அவர் மேதை என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். அதே பயிற்சியாளரும் ஏறத்தாழ அதே ஆட்டக்காரர்களும் 2022 மார்ச்சில் பலெர்மோவில் வட மாசிடோனியாவிடம் 0-1 என்று தோற்று மீண்டும் உலகக் கிண்ணத்தைத் தவறவிட்டார்கள். அதற்கு முன் சுவிட்சர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் இத்தாலியின் ஜோர்ஜின்யோ பெனால்டியைத் தவறவிட்டிருந்தார். அவற்றில் ஒன்று உள்ளே போயிருந்தாலே இத்தாலி நேரடியாகத் தகுதி பெற்றிருக்கும், பலெர்மோ ஆட்டமே நடந்திருக்காது. எட்டு மாதங்களில் மேதை ஒருவர் மூடனாகிவிடுவதில்லை. 2017-இல் பயிற்சியாளரிடம் காரணத்தைத் தேடிய அதே கண், 2021-இல் அந்த இரண்டு உதைகளைப் பார்க்க வேண்டும்.

பயிற்சியாளரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி குழுவைக் காட்டுவார்கள். 2016-இல் லீக் பட்டத்தை வென்றுகொடுத்த பயிற்சியாளர் ரனியேரியை அந்தக் குழு 2017 பிப்ரவரியில் நீக்கியது. அவருக்கு உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றதும் லிவர்பூலை 3-1 என்று வென்று, தொடர்ந்து முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். பார்த்தீர்களா, பழைய பயிற்சியாளரிடம்தான் கோளாறு என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஷேக்ஸ்பியரும் நீக்கப்பட்டார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. நெதர்லாந்தின் முதன்மை லீக்கில் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களைப் பொருளியலாளர் பாஸ் தெர் வீல் ஆராய்ந்திருக்கிறார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய குழுக்களையும், அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட குழுக்களையும் அவர் ஒப்பிட்டார். இரு வகைக் குழுக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி மீண்டெழுந்தன. இதில் வியப்பில்லை. ஒரு குழு தன் வழக்கமான நிலையைவிட மிகவும் கீழே போயிருக்கும்போதுதான் பயிற்சியாளர் நீக்கப்படுகிறார். அந்த ஆழத்திலிருந்து எப்படியும் கொஞ்சம் மேலே வந்தே தீரும், மேலே வரும் நேரத்தில் பொறுப்பில் இருப்பவருக்குப் புகழ் போகும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 நவம்பர் 18-ஆம் தேதி ஹாங்காங்கின் கைடாக் அரங்கில் ஒரு கோல் பின்தங்கியிருந்த சிங்கப்பூர் 2-1 என்று வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. 1984-இல் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் ஆடியது தவிர, சொந்தத் தகுதியில் நாம் அங்கே செல்வது இதுவே முதல் முறை. அன்றிரவு எங்கள் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் தூங்கியவர் யாருமில்லை. அதற்கு முந்தைய மாதம் கோவாவின் மார்காவில் சோங் உய்யோங்கின் இரண்டு கோல்களால் இந்தியாவை 2-1 என்று வென்றிருந்தோம். ஜூன் மாதத்தில் தேசியப் பயிற்சியாளர் சுதோமு ஒகுரா சொந்தக் காரணங்களால் விலக, உள்ளூர்ப் பயிற்சியாளரான கேவின் லீ இடைக்காலப் பொறுப்பேற்றிருந்தார். அதே ஆட்டக்காரர்கள், வேறு பயிற்சியாளர், வரலாற்று வெற்றி என்று வழக்கை அங்கேயே முடித்துவிட்டார் என் நண்பர் ஒருவர். நான் அவருக்கு நினைவூட்டியது இதுதான்: அந்தத் தகுதிச் சுற்றின் முதல் இரண்டு ஆட்டங்களில், ஹாங்காங்குடன் 0-0 என்ற சமநிலையும் டாக்காவில் பங்ளாதேஷுக்கு எதிராக 2-1 என்ற வெற்றியும், ஒகுராவின் கீழ் கிடைத்த நான்கு புள்ளிகள். அவை இல்லாமல் கைடாக் இரவு வந்திருக்காது. கேவின் லீக்குரிய பெருமையை இது சிறிதும் குறைக்கவில்லை. ஆட்டக்காரர்களை நன்கு அறிந்த ஒருவர், அவர்கள் துணிந்து ஆட இடம் கொடுத்தார் என்று நான் நம்புகிறேன். வெற்றியில் முன்னவரின் பங்கைப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம், தோல்வியில் ஒருவரை மட்டும் பிடித்து அடிக்கும் பழக்கம் குறையும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ஆசியான் வெற்றியாளர் பட்டத்தைச் சிங்கப்பூர் 1998, 2004, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1998-இல் ஹனோயில் வியட்னாமை வென்ற அந்த ஒரே கோல், நம் ஆர். சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போனது என்பதைத் தமிழ் வீடுகளில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். பின்னைய மூன்று பட்டங்களும் ரட்கோ அவ்ராமோவிச்சின் காலத்தில் வந்தவை. அவர் சென்ற பிறகு பெர்ண்ட் ஸ்டாங்கே, வி. சுந்தரமூர்த்தி, இடைக்காலத்தில் ஃபாண்டி அகமது, யோஷிடா, நிஷிகாயா, ஒகுரா என்று பலர் வந்தார்கள். ஜெர்மானியர், உள்ளூர்க்காரர், ஜப்பானியர் என்று அவர்கள் வெவ்வேறு பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் காலத்திலும் அணி அந்தப் போட்டியின் இறுதியாட்டத்தை எட்டவில்லை. இத்தனை மாறுபட்ட மனிதர்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், பார்க்க வேண்டியது அவர்களின் கால்களையா, தரையையா? 18 வயதில் தொடங்கும் இரண்டு ஆண்டுத் தேசிய சேவை, ஓர் இளையரின் ஆட்டம் வேகமாக வளரும் வயதில் வருகிறது. தேசிய சேவை தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைச் சுற்றிக் காற்பந்துப் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது என்பதுதான் மேலே இருப்பவர்கள் விடை காண வேண்டிய கேள்வி. எங்கள் சிறிய குழுவிலேயே, தேசிய சேவையின் அடிப்படைப் பயிற்சிக்காகப் புலாவ் தெக்கோங் தீவுக்குப் போன பையன்கள் திரும்பி வரும்போது உடல் உறுதியாக இருக்கும், பந்தோடு இருந்த பழக்கம் விட்டுப்போயிருக்கும். தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வுக்காகப் பன்னிரண்டு வயதில் பந்தைப் பூட்டிவைக்கும் வீடுகளும் உண்டு. எந்தத் தேசியப் பயிற்சியாளராலும் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது.

இதைச் சொன்னால், 1977-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியை நேரில் பார்த்த பெரியவர்கள் என்னை விடமாட்டார்கள். பயிற்சியாளர் சூ செங் குவீயின் கண்டிப்பும், எஸ். ராஜகோபாலின் வளைந்து செல்லும் உதையும், சமாட் அல்லாபிச்சையின் தற்காப்பும் அவர்கள் கண்முன்னே நிற்கின்றன. "அங்கிள் சூ இருந்திருந்தா இந்தப் பசங்கள ஓட விட்டே சரி பண்ணியிருப்பாரு தம்பி" என்பார் எங்கள் வட்டாரத்து முதியவர் ஒருவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய சாட்சியமே, கண்டிப்பான பயிற்சியாளரும் அந்தக் கண்டிப்பைத் தாங்க விரும்பிய ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் அமைந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

இனி, ஒரு குழுவை நடத்துபவர்கள் தோல்விக்குப் பிறகு உடனே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். முதலாவதும் கடினமானதும், அன்றைய தினம் பேசாமல் இருப்பது. ஆட்டம் முடிந்ததும் பையன்களை வட்டமாக நிறுத்தி, காயம் யாருக்கு, அடுத்த பயிற்சி எப்போது என்ற இரண்டை மட்டும் சொல்லி அனுப்புகிறோம். வீடு திரும்பும் காரில் அப்பா நடத்தும் விசாரணைதான் ஒரு பையனை மிகவும் காயப்படுத்துகிறது என்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அதனால் பருவத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம், காரில் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சை அவனே எடுத்தாலன்றி நீங்கள் எடுக்க வேண்டாம், என்ன சாப்பிடலாம் என்று கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம். எல்லாரும் கேட்பதில்லை. கேட்டவர்களின் பிள்ளைகள் அடுத்த வாரம் தலை நிமிர்ந்து வருகிறார்கள்.

அடுத்த பயிற்சியில் முதலில் பேச வேண்டியவர் பயிற்சியாளர், அதுவும் தம்முடைய முடிவுகளைப் பற்றி. யாரை ஏன் மாற்றினேன், எந்தத் திட்டம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் ஆட்டக்காரர்கள் பேசுவார்கள். வரிசை மாறினால், பையன்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். பயிற்சியாளர் தம் பங்கை முதலில் சொன்ன நாள்களில், "கோச், கார்னர்ல என் ஆள நான்தான் விட்டுட்டேன்" என்று ஒரு பையன் தானாகவே கையைத் தூக்குவதைக் கண்டிருக்கிறேன். கேள்விகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் சாக்கு வரும். "அந்த நேரத்தில் உனக்கு என்ன தெரிந்தது, யார் கண்ணில் பட்டார்கள்?" என்று கேட்டால் தகவல் வரும். எதிரணி ஆட்டக்காரர் தனக்குப் பின்னால் நின்றதே தெரியவில்லை என்று அவன் சொன்னால், அவனுக்குப் பின்னால் நின்ற கோல்காப்பாளர் குரல் கொடுக்கப் பழக வேண்டும் என்ற முடிவுக்கு வர முடிகிறது.

இடைவேளையில் இரண்டு செய்திகளுக்கு மேல் சொல்ல வேண்டாம் என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் இன்னொரு பழக்கம். வெயிலில் ஓடிவிட்டு வந்த பதினைந்து வயதுப் பையனுக்கு ஏழு திருத்தங்கள் சொன்னால் ஒன்றுகூட நிற்காது. பிறகு "சொன்னதைச் செய்யவில்லை" என்று வருந்துவதில் பொருள் இல்லை. அதே நேரத்தில், சொன்ன இரண்டையும் திருப்பிச் சொல்லும்படி ஓர் ஆட்டக்காரரைக் கேட்கிறோம். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், அதன்பின் அதைச் செய்யும் பொறுப்பு ஆட்டக்காரர்களுடையது.

பயிற்சியாளரை மாற்ற வேண்டிய நேரமும் வரும். தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து அந்த முடிவை எடுக்காதீர்கள் என்றுதான் மற்றக் குழுக்களை நடத்தும் நண்பர்களிடம் சொல்கிறேன். ஒரே வகைக் கோல் பருவம் முழுவதும் விழுந்துகொண்டிருக்கிறது, அதை எடுத்துக் காட்டியும் அவர் பயிற்சியில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை என்றால் அது ஓர் அடையாளம். ஆட்டக்காரர்கள் அவரிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால் அது இன்னும் வலுவான அடையாளம். நாங்களும் ஒருமுறை அந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. பருவத்தின் நடுவில் எடுக்கவில்லை, பருவம் முடிந்த பிறகு, அவரை அழைத்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, மரியாதையோடு பேசினோம். புதிதாக வந்த பயிற்சியாளரிடம் முதல் நாளே அந்த நோட்டைக் கொடுத்தோம். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, முதல் மாதப் பயிற்சி முழுவதையும் கோலின் தூரக் கம்பத்தின் பக்கம் வந்து விழும் பந்துகளுக்கே ஒதுக்கினார்.